பழைய படகுக்கு எந்த இன்ஜின், எந்த விசிறி?

கரையில் ஐந்தாறு வருஷமாகக் கவிழ்ந்து கிடந்த ஃபைபர் படகை வாங்கிச் சரிசெய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “இதுக்கு எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) போடலாம்?” என்பதுதான். என் மச்சானும் அதைத்தான் கேட்டான். கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நல்ல விலைக்கு வருகிறது என்று 40 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்) ஒன்றை வாங்கியும் விட்டான். இன்ஜின் நல்ல இன்ஜின்தான். ஆனால் வலையும் ஐஸும் ஏற்றிக்கொண்டு போனால், முழு திராட்டில் (வேகப்பிடி) கொடுத்தும் சத்தம் கனத்து முக்கியது. படகு அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுததே தவிர வேகம் எடுக்கவில்லை. கார்புரேட்டரைக் கழுவினான், பிளக்கை மாற்றினான், இரண்டு மாதம் அலைந்தான். கடைசியில் தூத்துக்குடியில் வயதான மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் இன்ஜின் மூடியைத் திறக்கவே இல்லை. குனிந்து, புரொப்பல்லரில், அதாவது படகைத் தள்ளும் விசிறியில், பொறித்திருந்த எண்ணை விரலால் தேய்த்துப் படித்தார்.

“இன்ஜின் விசிறியத்தாம்ல சுத்துது. படகத் தள்ளுறது விசிறி. இது லேசான படகுக்கு உள்ளது,” என்றார்.

அந்த எண் என்ன, அதை என்ன செய்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் படகைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். படகு, அதன் சுமை, அது ஓடப்போகும் கடல் மூன்றும் தெரியாமல் இன்ஜின் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

படகின் இன்றைய எடை

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக்கு ஏராளமாக வந்த ஃபைபர் படகுகள் பல இப்போது இருபது வயதை ஒட்டி நிற்கின்றன. இருபது வயதுப் படகின் எடை, அச்சிலிருந்து எடுத்த நாளில் இருந்த எடை இல்லை. அடிபட்ட இடத்திலெல்லாம் மேலுக்கு மேல் ஃபைபர் மேட் ஒட்டியிருப்பார்கள். உள்ளே பலகை, ஃபோம் எதுவும் வைத்திருந்தால் அது தண்ணீர் குடித்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முடிந்தால் செயின் பிளாக்கில் தூக்கி, நடுவே தொங்கு தராசு மாட்டி எடை பாருங்கள். முடியாவிட்டால், புதிதில் இருந்ததைவிடக் கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இன்ஜின் மாட்டும் பின்பலகையை மட்டும் தனியாக, நிதானமாகப் பார்க்க வேண்டும். டிரான்சம் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலான படகுகளில் இது இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட். பழைய இன்ஜினின் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, பிளைவுட் உள்ளேயே மக்கிப்போகும். ஒரு நாணயத்தை எடுத்து மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். மக்கிய இடத்தில் சத்தம் அமுங்கி, மெத்தையில் தட்டியது போல வரும். சந்தேகம் இருந்தால் பழைய போல்ட் ஓட்டைக்குள் சிறிய டிரில் பிட்டை விட்டுப் பாருங்கள். வரும் தூள் வெளுப்பாக, உலர்ந்து உதிர்ந்தால் சரி. கருப்பாக, ஈரமாகப் பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்தால், இன்ஜினுக்கு வைத்த காசில் ஒரு பகுதி பின்பலகைக்குப் போகும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இதில் கஞ்சத்தனம் பிடித்து, மேலே ஒரு மேட் ஒட்டி மூடிவிட்டு, நடுக்கடலில் இன்ஜினோடு பின்பலகை பிய்ந்துபோன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

எத்தனை குதிரைத்திறன்?

படகு தண்ணீரில் இரண்டு விதமாக ஓடும். ஒன்று, தண்ணீரைக் கிழித்துத் தள்ளிக்கொண்டு போவது. பழைய மர வள்ளங்கள், ஆழமான அடி உள்ள கனத்த படகுகள் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீரில் படும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எத்தனை நாட் என்று வரும். 25 அடி நீளம் தண்ணீரில் படும் வள்ளத்துக்கு 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். அதற்கு மேல் போக எவ்வளவு பெரிய இன்ஜின் வைத்தாலும் படகு தான் எழுப்பிய அலையையே மேடாக ஏறிக்கொண்டிருக்கும். எண்ணெய் (எரிபொருள்) மட்டும் கரையும். இந்த வகைக்கு ஒரு டன்னுக்கு 3 முதல் 5 குதிரைத்திறன் இருந்தால் தாராளம். எதிர்க்காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, வேகம் கூடக் கூட அடிப்பகுதி தண்ணீர் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போவது. பிளேனிங் என்பார்கள். அடி தட்டையான, லேசான ஃபைபர் படகுகள் இதற்குத் தோதானவை. இங்கே கணக்கு வேறு: மொத்த எடையில் 25 கிலோவுக்கு 1 குதிரைத்திறனாவது இருந்தால்தான் ஏறும்.

ஒரு 18 அடிப் படகை எடுத்துக்கொள்வோம். வெறும் படகு 350 கிலோ. இன்ஜினும் எண்ணெயும் 90. ஆள் இரண்டு பேர், 140. இதுவரை 580 கிலோ; 25ஆல் வகுத்தால் 23 குதிரைத்திறன். அப்புறம் வலை, ஐஸ், பாடு (பிடித்த மீன்) எல்லாம் சேர்த்து ஒரு 250 கிலோ ஏறினால் 830. இப்போது 33 வேண்டும். ஆக, 25 குதிரைத்திறன் போட்டால் போகும்போது பறக்கும், பாடு நிறைந்து வரும்போது உழும். 15 போட்டால் இரண்டு பக்கமும் நிதானம்தான். எது வேண்டும் என்பது தொழிலைப் பொறுத்தது. கரையிலிருந்து அரை மணி நேரத்தில் வலை விடுகிறவருக்கு 40 எதற்கு? முழு திராட்டிலில் 10 குதிரைத்திறனுக்கு மணிக்கு 4 லிட்டர் அளவில் பெட்ரோல் குடிக்கும் என்று தோராயமாகச் சொல்லலாம். பழைய டூ ஸ்ட்ரோக் இன்னும் கொஞ்சம் கூடக் குடிக்கும். 40க்கு 16 லிட்டர். விற்கிற மீனிலிருந்து அதைக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இடமும் முக்கியம். அலை உடையும் திறந்த கரையிலிருந்து இறக்குகிறவருக்கு உச்ச வேகம் பெரிதில்லை. இரண்டு அலைக்கு நடுவே சட்டென்று உந்தித் தள்ளும் இழுவைதான் உயிர். பாக் நீரிணை பக்கம் ஆழம் குறைவு, கடல்புல் நிறைய. அங்கே இன்ஜினிலிருந்து விசிறிக்கு இறங்கும் தண்டு தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் விசிறி சேற்றைக் கிளறும்.

தண்டு நீளம் என்றதும் ஒன்று: அவுட்போர்டுகள் பெரும்பாலும் 15, 20, 25 அங்குலம் என மூன்று அளவில் வரும். முறையே எஸ், எல், எக்ஸ் என்று குறிப்பார்கள். இது இன்ஜினின் சக்தியைப் பற்றியது இல்லை, பின்பலகையின் உயரத்தைப் பற்றியது. பின்பலகை உயரத்தை அளந்துவிட்டுப் போங்கள். மாட்டிய பிறகு, விசிறிக்கு மேலே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாக, அல்லது ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் விசிறி காற்றை உறிஞ்சி, வெறுமனே சீறும். ரொம்பக் கீழே இருந்தால் தண்டே தண்ணீரில் பிரேக் போட்டுக்கொண்டு வரும். நம் ஃபைபர் படகுகள் பலவற்றில் அடியில் தடித்த கீல் (அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) பின்பலகை வரை நீள்கிறது. அது கலக்கிவிடும் நுரைத் தண்ணீர் நேராக விசிறிக்குள் போகும். படகு கவிழ்ந்து கிடக்கும்போதே கீலின் கடைசி இரண்டடியைச் சரிவாகச் சீவி ஃபைபர் போட்டு முடித்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். கடலில் இறக்கிய பிறகு இது ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்லை.

விசிறியில் இருக்கும் இரண்டு எண்கள்

இப்போது அண்ணாச்சி தேய்த்துப் படித்த எண். மச்சானின் விசிறியில் 11⅛ × 13 என்று இருந்தது. முதல் எண் விட்டம்: இறக்கை நுனிகள் சுழலும்போது வரும் வட்டத்தின் குறுக்களவு, அங்குலத்தில். இரண்டாவது எண்தான் பிட்ச். பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குப் ‘புரியிடைத் தூரம்’ என்ற சொல் ஞாபகம் இருக்கலாம். ஒரு முழுச் சுற்றில் திருகு எவ்வளவு முன்னே போகிறது என்பது. பிட்ச் அதேதான். 13 பிட்ச் என்றால், தண்ணீர் மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருந்தால் இந்த விசிறி ஒரு சுற்றுக்கு 13 அங்குலம் முன்னே போகும். தண்ணீர் கெட்டி இல்லை, வழுக்கிப் பின்னே போகும். அதனால் அதைவிடக் குறைவாகத்தான் போகும். இந்த இழப்புக்கு ஸ்லிப் என்று பெயர்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு 15 குதிரைத்திறன் இன்ஜின் 5200 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 5200 சுற்று) ஓடுகிறது. கியர் விகிதம் 2.08; அதாவது இன்ஜின் 2.08 சுற்று சுற்றினால் விசிறி ஒரு சுற்று. அப்படியென்றால் விசிறி நிமிஷத்துக்கு 2500 சுற்று. பிட்ச் 10 அங்குலம், அதாவது 25.4 செ.மீ. பெருக்கினால் நிமிஷத்துக்கு 635 மீட்டர், மணிக்கு 38 கிலோமீட்டர். கைபேசியின் ஜிபிஎஸ் 27 காட்டினால் ஸ்லிப் 29 சதவீதம். லேசான பிளேனிங் படகுக்கு 10 முதல் 20 வரை, கனமான வேலைப் படகுக்கு 30க்கு மேல் என்பது சாதாரணம். கியர் விகிதம் இன்ஜின் கையேட்டில் இருக்கும்.

பிட்ச் கூடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டும். சைக்கிளில் நெல் மூட்டையை வைத்துக்கொண்டு கடினமான கியரில் மேடு ஏறுவது போல. மிதிக்க முடியாது, கால் நடுங்கும். இன்ஜினும் அப்படித்தான் முக்கும், சூடேறும், கரி கட்டும். நாள்பட்டால் பிஸ்டன் போகும். பிட்ச் குறைந்தால் நேர் எதிர்: இன்ஜின் அளவுக்கு மேல் சுற்றிக் கத்தும், படகு அதற்கேற்ற வேகம் போகாது. ஒவ்வோர் இன்ஜினுக்கும் முழு திராட்டிலில் இவ்வளவிலிருந்து இவ்வளவு ஆர்பிஎம் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருப்பார். மச்சானுடையதற்கு 4500 முதல் 5500. வழக்கமான சுமையோடு முழு திராட்டில் கொடுத்தால் ஆர்பிஎம் அந்த வரம்புக்குள் வர வேண்டும். விசிறி தேர்வு என்பதன் சாரம் இவ்வளவுதான்.

ஆர்பிஎம் பார்க்க மீட்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஸ்பார்க் பிளக் வயரில் ஒரு கம்பியைச் சுற்றினால் எண் காட்டும் சின்ன டாக்கோமீட்டர்கள் கிடைக்கின்றன. அண்ணாச்சி அதைத்தான் கொண்டுவந்திருந்தார். வெறும் படகில் 5000 காட்டியது. அடடா, சரியாகத்தானே இருக்கிறது என்றோம். வலையை ஏற்றி, ஐஸுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை அடுக்கி மறுபடி ஓட்டினோம். 4100ஐத் தாண்டவில்லை. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் ஆர்பிஎம் சுமார் 150 முதல் 200 கூடும் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் குறைந்தது இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும். 11⅝ × 11 வாங்கிப் போட்டோம். சுமையோடு 4500, வெறும் படகில் 5400. இரண்டும் வரம்புக்குள். வெறும் படகின் உச்ச வேகம் கொஞ்சம் குறைந்தது என்று மச்சான் ஒரு வாரம் புலம்பினான். எண்ணெய்ச் செலவைப் பார்த்த பிறகு புலம்பல் நின்றது.

கவனித்தீர்களா? பிட்ச் 13லிருந்து 11க்கு இறங்கும்போது விட்டம் 11⅛லிருந்து 11⅝க்கு ஏறியது. தயாரிப்பாளர்கள் இரண்டையும் இப்படித் தராசுத் தட்டு மாதிரி ஏற்றி இறக்கித்தான் வரிசையாக விசிறி தருகிறார்கள். பெரிய விட்டம், சிறிய பிட்ச் கனத்த படகுக்கு; சிறிய விட்டம், பெரிய பிட்ச் லேசான, வேகமான படகுக்கு. இதையே எல்லை வரை இழுத்துப் பார்த்தவை ‘ஹை திரஸ்ட்’ வகை அவுட்போர்டுகள். அதே 9.9 குதிரைத்திறன்தான்; சாதாரண மாடலில் ஏறத்தாழ 9¼ அங்குல விசிறி, 2.08 கியர். ஹை திரஸ்டில் 11¾ அங்குல விசிறி, 2.92 கியர். விசிறி மெதுவாகச் சுற்றும், ஆனால் நிறையத் தண்ணீரை ஒரே அள்ளாக அள்ளித் தள்ளும். கனத்த பழைய வள்ளத்துக்கு 9.9 தேடுகிறவர்கள் இந்த வகை கிடைத்தால் விடக் கூடாது.

பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் விசிறி பிறந்த காலத்திலேயே அடி வாங்கியது. 1837இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் இரண்டு முழுப் புரி கொண்ட மரத் திருகு ஒன்றைப் படகில் மாட்டி லண்டன் பாடிங்டன் கால்வாயில் ஓட்டிக்கொண்டிருந்தார். எதிலோ மோதித் திருகில் பாதி உடைந்துபோனது. படகு நிற்கும் என்று பார்த்தால், வேகம் கூடியது.

மூன்று இறக்கையா நான்கா என்று கேட்பார்கள். சந்தேகம் இருந்தால் மூன்று. நான்கு இறக்கை இருந்தால் அலையில் பிடிப்பு கூடும், அதிர்வு குறையும், உச்ச வேகம் கொஞ்சம் போகும். அதற்கு மாறும்போது பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்துப் போடுவது வழக்கம். அலுமினியமா ஸ்டீலா என்றால், பாறையும் மணல் திட்டும் உள்ள கரையில் நான் அலுமினியம்தான் சொல்வேன். ஸ்டீல் வளையாது, உண்மைதான். ஆனால் பாறையில் இடித்தால் அந்த அடி கியருக்குப் போகும். அலுமினிய விசிறி தானே வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும், விலையும் குறைவு. உதிரியாக ஒன்றைப் படகிலேயே வைத்துக்கொள்ளலாம். வளைந்ததைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தி ஓட்டுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: மூன்று இறக்கையின் சாய்வும் இப்போது மூன்று விதமாக இருக்கும். அந்த அதிர்வு சீலையும் பேரிங்கையும் தின்னும்.

பழைய இன்ஜின் வாங்கும்போது

புது இன்ஜின் வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. பழையது வாங்கினால் மேலே பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், அடியிலிருந்து தொடங்குங்கள். விசிறியைக் கழற்றச் சொல்லுங்கள். அதற்குப் பின்னே தண்டைச் சுற்றி நரம்பு வலைத் துண்டு சுருண்டு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மீன்பிடிப் படகில் ஓடிய இன்ஜின் என்றால் அநேகமாக இருக்கும். அந்த நரம்பு சீலை அறுத்துவிடும், தண்ணீர் கியர் ஆயில் பெட்டிக்குள் நுழையும். கீழே உள்ள வடிகால் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் ஆயிலை விரலில் வாங்குங்கள். தெளிவாக வந்தால் நல்லது. பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. சீல் மாற்றும் செலவையாவது விலையில் குறைக்கலாம்; ஆயிலில் இரும்புப் பொடி மின்னினால் வேறு இன்ஜின் பாருங்கள்.

எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பது) பார்க்கச் சொல்லுங்கள். எண் கூடக்குறைய இருக்கலாம், ஆனால் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஓடும்போது பின்னாலிருந்து குளிர்விக்கும் தண்ணீர் திடமாகப் பீய்ச்ச வேண்டும். 9.9 என்று எழுதிய மூடிக்குக் கீழே 15 இருக்கலாம், மாறியும் இருக்கலாம். பல கம்பெனிகள் இரண்டையும் ஒரே உடம்பில்தான் செய்கின்றன. அதனால் மூடியை நம்பாமல் இன்ஜின் தகட்டில் உள்ள மாடல் எண்ணைப் படியுங்கள். மீன்வளத் துறையில் படகைப் பதியும்போதும் அந்தத் தகட்டு விவரம்தான் தேவைப்படும்.

டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதில் எடையை மறக்காதீர்கள். 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் 36 கிலோ அளவு. ஃபோர் ஸ்ட்ரோக் 50ஐத் தாண்டும். தினமும் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு அந்த 15 கிலோ என்ன என்பது தெரியும். ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெய் குறைவாகக் குடிக்கும், சத்தமும் குறைவு. மண்ணெண்ணெய் இன்ஜின் என்றால் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். அவசரத்தில் அப்படியே நிறுத்தினால் மறுநாள் விடியற்காலை கயிறு இழுத்துக் கை கடுக்கும்.

கடைசியாக ஒரு சின்ன சோதனை. விசிறியின் நடுவே ரப்பர் புஷ் இருக்கும். இடித்தால் அதிர்ச்சியைத் தாங்க. பழைய விசிறிகளில் இந்த ரப்பர் விட்டுப்போய், இன்ஜின் அலறும், படகு நகராது. பார்க்கிறவர்கள் கியர் போச்சு என்பார்கள். விசிறியின் நடுப்பகுதியில், உள் வளையத்தையும் வெளி உடம்பையும் சேர்த்து ஆணியால் ஒரு நேர்கோடு கீறுங்கள். முழு திராட்டிலில் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்து பாருங்கள். கோடு நேராக இருந்தால் புஷ் சரி. இரண்டாகப் பிரிந்து தள்ளி நின்றால், மாற்ற வேண்டியது விசிறியை மட்டும்தான்.